நீளமும் அகலமும்: பல செய்திகளை ஒரு தாளில் அடக்கிய வரலாறு

1

பருவத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் கல்லூரிகளில் ஒரு வழக்கமான காட்சியைக் காணலாம். வருகைப் பதிவு குறைந்த மாணவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு துறைத்தலைவர்கள் கூடி அமர்வார்கள். யாரைத் தேர்வெழுத அனுமதிப்பது, யாரை அடுத்த ஆண்டுக்கு நிறுத்துவது என்பது அங்கே முடிவாகும். அப்படியொரு கூட்டத்துக்காகக் கணினித்துறை நண்பர் ஒருவர் எங்கள் இரண்டாமாண்டு மாணவர்களின் விவரங்களை எக்செல் விரிதாளில் இட்டு ஒரு படம் வரைந்து வந்திருந்தார். கிடை அச்சில் வருகை விழுக்காடு, செங்குத்து அச்சில் மதிப்பெண். ஒரு மாணவருக்கு ஒரு புள்ளி.

படம் தெளிவாகவே இருந்தது. பெரும்பாலான புள்ளிகள் வலப்பக்க மேல் மூலையில் கூடியிருந்தன. இடப்பக்கக் கீழ் மூலையில் பதினொரு புள்ளிகள் தனித்து நின்றன. "பாருங்க ஐயா, வராதவங்க படிக்கிறதும் இல்லீங்க" என்றார் நண்பர். படம் சொன்னதும் அதுதான். ஆனால் அந்தப் பதினொரு பேரையும் எனக்குத் தெரியும். மூலனூருக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர் ஒருவர். இரவு முழுவதும் நூற்பாலையில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்பில் உறங்கும் மாணவர் மற்றொருவர். அவர்களைப் பற்றிய இச்செய்திகளும் விரிதாளில் இருந்தன. கல்லூரியில் சேரும்போது அவர்கள் நிரப்பிய படிவத்திலிருந்து வந்த நிரல்கள் அவை. ஆனால் படத்தில் அவற்றுக்கு இடமில்லை. தாளுக்கு நீளமும் அகலமும்தானே உண்டு?

"இன்னும் இரண்டு செய்திகளை இதே படத்தில் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து படித்துக்கொண்டு போனதில் விளைந்ததே இக்கட்டுரை. நான் தமிழ் கற்பிப்பவன். புள்ளியியல் அறிந்தவன் அல்லன். ஆயினும் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது என்பதையும், அவ்வரலாறு நம் ஊர் வழியாகவும் நம் நாட்டு வழியாகவும் சென்றிருக்கிறது என்பதையும் அறிந்தபோது, இலக்கிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

2

பல செய்திகளைத் தட்டையான பரப்பில் அடக்கும் கலை நமக்குப் புதிதன்று. மிக அருகிலிருக்கும் சான்று ஜாதகக் கட்டம். அதன் நம்பகம் பற்றிய விவாதத்தை இங்கே ஒதுக்கிவிட்டு, ஒரு வரைபடமாக மட்டும் அதனைப் பார்ப்போம். நான்குக்கு நான்கு என்று பிரித்த சதுரத்தில் நடுவிலுள்ள நான்கு அறைகளை ஒன்றாக்கினால் சுற்றிலும் பன்னிரண்டு அறைகள் எஞ்சும். ஒன்பது கோள்களும் இலக்கினமும் அவற்றில் அமர்கின்றன. பத்துச் செய்திகள் கையகலத் தாளில் அடங்கிவிடுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தென்னாட்டு முறையில் இராசிகளின் இடம் மாறுவதில்லை. மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது அறை எப்போதும் மேடமே. இலக்கினம்தான் இடம் மாறும். வடநாட்டு முறையில் இலக்கினம் எப்போதும் ஓரிடத்தில் நிற்க, இராசிகள் எண்களாக மாறி மாறி வந்து அமர்கின்றன. ஒரே செய்தியை இருவேறு படங்கள் சொல்கின்றன. எதனை அசையாமல் நிறுத்துவது, எதனை அசைய விடுவது என்பதை வரைபவர் முதலில் முடிவு செய்தாக வேண்டும். எக்செலில் எந்த நிரலை அச்சாக வைப்பது என்று நண்பர் முடிவு செய்ததும் அதே செயல்தான்.

இரண்டாவது சான்று தமிழ் மாணவர் அனைவரும் தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஐந்திணை அட்டவணை. நிரைகளில் குறிஞ்சி முதலிய ஐந்து. நிரல்களில் நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, தெய்வம், மக்கள், பறவை, விலங்கு, மரம், பூ, பறை, பண், தொழில், உரிப்பொருள். பதின்மூன்று மாறிகள்! தொல்காப்பியம் இதனை அட்டவணையாகத் தரவில்லை, நூற்பாக்களாகவே தருகிறது. அட்டவணை பிற்காலப் பாடநூல்களின் ஆக்கம். அதில் ஓர் இழப்பும் இருக்கிறது. திணைகள் ஒன்றோடொன்று மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. ஆனால் கட்டம் போட்ட அட்டவணையில் மயக்கத்துக்கு இடம் ஏது? முல்லை நிலத்துப் பூ குறிஞ்சிப் பாடலில் வந்தால் மாணவர் அதனைப் பிழை என்று எண்ணுகிறார். கோடு அவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது.

மூன்றாவது சான்று நம் கிராம நிருவாகத்தில் உள்ள அடங்கல். புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், பயிர், விதைத்த மாதம், பாசன மூலம், விளைச்சல் என்று ஒரு வயலின் ஓராண்டு வாழ்க்கை ஒற்றை நிரையில் எழுதப்படும். பசலி ஆண்டு சூலையில் தொடங்கி அடுத்த சூனில் முடியும். 2024 சூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்படும் வரை இந்தக் கணக்கை எழுதியவர்கள் கர்ணங்கள். அதன்பின் கிராம நிருவாக அலுவலர்கள். பழைய கர்ணம் ஒருவர் அடங்கலைப் புரட்டிக்கொண்டே, இந்தப் பக்கம் கிணற்று நீர் வற்றிவிட்டது, அந்தப் பக்கம் பங்காளிச் சண்டை என்று சொல்லக்கூடியவராக இருந்தார். அவருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. ஆனால் அவர் கண்டதை ஊரில் இல்லாத ஒருவர் அதே பக்கங்களிலிருந்து காண முடியாது. நிரைகளும் நிரல்களும் செய்தியைச் சேமிக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள உறவைக் கண்ணுக்குக் காட்டுவதற்கு வேறொன்று வேண்டியிருக்கிறது.

3

அந்த வேறொன்று பிறந்த காலமும், தாராபுரம் கும்பினி அரசின் கணக்கேட்டில் ஏறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கொங்கு நாடு கும்பினியின் கைக்கு வந்தது. கோயம்புத்தூர்ப் பகுதியை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தனர். வடபகுதிக்குப் பவானியும் தென்பகுதிக்குத் தாராபுரமும் தலைமையிடங்கள். புதிதாகப் பிடித்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதும்படி வெல்லெஸ்லி பிரபு அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். மைசூரைச் சுற்றிவிட்டு அவ்வாண்டின் பிற்பகுதியில் கொங்கு நாட்டுக்குள் நுழைந்தவர், தாராபுரத்துக்கும் வந்தார். மண்ணின் வகை, கம்பும் சோளமும் விளையும் அளவு, கவலையில் நீரிறைக்கும் முறை, மாட்டின் விலை, வாரத்தின் விகிதம், நெசவாளரின் கூலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் நாள்தோறும் எழுதினார். அவருடைய பயண நூல் 1807-இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தது. கொங்கு வரலாறு எழுதும் எவரும் அதனைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதனைப் படிப்பவர் ஓர் ஊரை மற்றோர் ஊரோடு ஒப்பிட விரும்பினால் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டியாக வேண்டும்.

புக்கானன் நம் ஊர்ப் பக்கம் குதிரையிலும் பல்லக்கிலும் அலைந்ததற்கு அடுத்த ஆண்டு, 1801-இல், இலண்டனில் வில்லியம் பிளேஃபேர் என்பவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 1786-இலேயே கோட்டுப் படத்தையும் பட்டைப் படத்தையும் வணிகக் கணக்குக்குப் பயன்படுத்தியவர் அவர். 1801-ஆம் ஆண்டு நூலில் ஐரோப்பிய நாடுகளை ஒரே தாளில் வரிசையாக வட்டங்களாக நிறுத்தினார். வட்டத்தின் பரப்பு நாட்டின் பரப்பு. வட்டத்தின் இடப்பக்கத்தில் எழும் கோடு மக்கள்தொகை. வலப்பக்கத்தில் எழும் கோடு வரி வருவாய். கடலாதிக்கம் உடைய நாட்டுக்கு ஒரு வண்ணம், நிலத்தாதிக்கம் மட்டும் உடையதற்கு வேறொன்று. ஆக நான்கு செய்திகள் ஒரே உருவில் அடங்கிவிட்டன. இரு கோடுகளின் நுனிகளையும் ஒரு சாய்கோட்டால் இணைத்தார். சாய்வு எந்தப் பக்கம் என்று பார்த்தால் அந்நாட்டு மக்கள் மீது வரிச்சுமை மிகுதியா, குறைவா என்று தெரியும் என்பது அவர் எண்ணம்.

நமக்கு முக்கியமான செய்தி அந்நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. இந்துஸ்தானத்து ஆட்சிகளையும் இதே முறையில் காட்டியிருப்பதாக அது அறிவிக்கிறது. நம் நிலம் அக்காலத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டது. புக்கானன் எழுத்தில் அது மண்ணாகவும் மாடாகவும் கூலியாகவும் விரிகிறது. பிளேஃபேர் தாளில் வட்டமாகவும் இரண்டு கோடுகளாகவும் சுருங்குகிறது. ஆள்பவர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டன.

பிளேஃபேரின் படத்தில் ஒரு பிழை உண்டு என்று பிற்காலத்தவர் கண்டனர். சாய்கோட்டின் சாய்வு மக்கள்தொகையையும் வருவாயையும் மட்டும் பொறுத்ததன்று. வட்டத்தின் விட்டத்தையும் பொறுத்தது. பெரிய நாட்டில் இரு கோடுகளுக்கும் இடையே தொலைவு மிகுதி. அதனால் சாய்வு குறைந்து தெரியும். சிறிய நாட்டில் அதே வேறுபாடு செங்குத்தாகத் தெரியும். நான்கு செய்திகளை ஓர் உருவில் அடக்கும்போது அவை ஒன்றின் மேல் ஒன்று நிழல் விழச் செய்கின்றன. இந்த இடர் இன்றுவரை நீடிக்கிறது.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை உயிர்களின் கணக்கோடு சேர்ந்தது. கிரீமியப் போரில் படைவீரர்களைக் குண்டுகளை விடத் தடுக்கக்கூடிய நோய்களே மிகுதியாகக் கொன்றன என்பதை 1858-இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு வட்டப் படத்தால் காட்டினார். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு இதழ்கள். நோய், காயம், பிற காரணம் ஆகியவற்றுக்கு மூன்று வண்ணங்கள். இதழின் பரப்பு இறப்பின் அளவு. அட்டவணையாகக் கொடுத்தால் அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னர் இந்தியாவிலிருந்த படைகளின் சுகாதாரம் குறித்த அரச ஆணையத்தின் அறிக்கையிலும் (1863) அவருடைய உழைப்பு பெரிது. சென்னை மாகாணத்துப் பஞ்சத்தைப் பற்றியும் நீர்ப்பாசனத்தைப் பற்றியும் அவர் தொடர்ந்து எழுதினார்.

1869-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் மினார் வரைந்த படம் இத்துறையில் பெரும்புகழ் பெற்றது. நெப்போலியன் 1812-இல் உருசியா மீது படையெடுத்த கதை அது. நியமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேரைக் குறிக்கும் அகன்ற பட்டை மாஸ்கோவை அடையும்போது 1,00,000 ஆகச் சுருங்குகிறது. திரும்பும் வழியைக் குறிக்கும் கரும்பட்டை 10,000 பேரோடு நூலாக முடிகிறது. அடியில் குளிரின் அளவும் நாளும். படையின் எண்ணிக்கை, நிலத்தில் அது நின்ற இடத்துக்கான இரண்டு அளவுகள், செல்லும் திசை, வெப்பநிலை, நாள் என்று ஆறு மாறிகள் ஒரே தாளில். ஒரு மன்னனின் பெயரைக் கூடப் பெரிதாக எழுதாமல், செத்தவர்களின் எண்ணிக்கையைப் பட்டையின் அகலத்தாலேயே சொன்ன போர் எதிர்ப்புப் படைப்பாக நான் அதனைக் காண்கிறேன்.

மினாரின் படத்தைப் பார்க்கும்போது கொங்கு நாட்டான் ஒருவனுக்குத் தாது வருடப் பஞ்சம் நினைவுக்கு வராமல் இராது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு கணக்கெடுப்புகளுக்கு இடையே, 1871-க்கும் 1881-க்கும் நடுவில், கோயம்புத்தூர் மாவட்ட மக்கள்தொகை வளர்வதற்குப் பதிலாக ஏறத்தாழ ஒரு இலட்சம் குறைந்தது. அப்பஞ்சத்தின் போது நடந்த ஒரு வாதம் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியத்துக்கான கூலி போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதனை எதிர்த்தார். செய்யும் வேலையின் கடுமை, ஏற்கெனவே மெலிந்துபோன உடல், உணவின் வகை, முகாம்களில் நிகழும் இறப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலை. டெம்பிளின் கணக்கில் ஒரே ஒரு மாறி: தானியத்தின் எடை. கார்னிஷின் கணக்கில் பல. அவ்வாண்டிலேயே கூலியைச் சற்று உயர்த்தினர். அதற்குள் போனவர்கள் போனவர்களே. பல செய்திகளை ஒருங்கே காண்பது அறிவலங்காரம் மட்டுமன்று என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று நம் மண்ணில் இல்லை.

5

இனி இவ்வரலாற்றில் இந்தியர் செய்த பெரும்பணிக்கு வருவோம். அது அளவுகோலும் இடுக்கியும் கொண்டு மனிதர்களை அளந்த கதையிலிருந்து தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சாதிகளின் 'இனத்தை' உடலளவால் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை ஆங்கில அலுவலர்களிடம் ஓங்கியிருந்தது. வங்கத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்குக் குறியெண் என்பதை முன்வைத்தார். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி அதன் உயரத்தால் வகுத்தால் வரும் எண் அது. மூக்கு அகல அகலச் சாதிப் படிநிலை தாழும் என்று அவர் வாதிட்டார். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டில் இதே பணியைச் செய்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளை நாம் இன்றும் சடங்குகளுக்காகவும் வழக்காறுகளுக்காகவும் புரட்டுகிறோம். ஆனால் அவற்றில் மூக்கின் அளவுகளும் அட்டவணைகளாக இருக்கின்றன. ஒரு மனிதனின் முகத்தை ஒற்றை எண்ணாக்கி, அந்த எண்ணை ஏணியின் படியாக்கிய வேலை அது.

இந்த ஏணியைக் கணிதத்தால் ஆராயப் புகுந்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். கல்கத்தாவில் இயற்பியல் ஆசிரியர். 1920-இல் நாகபுரியில் கூடிய அறிவியல் மாநாட்டில் விலங்கியல் அளவைத் துறையின் நெல்சன் அன்னண்டேல் அவரிடம், கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளை ஆராய்ந்து தரக் கேட்டார். அதிலிருந்து தொடங்கிய சிந்தனை 1936-இல் ஒரு கட்டுரையாக முதிர்ந்தது. இன்று உலகெங்கும் மகலனோபிஸ் தொலைவு என்று வழங்குவது அதுவே. 1931-இல் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் 1933-இல் தொடங்கிய 'சங்க்யா' இதழும் இப்பணியின் களங்கள். ரிஸ்லியின் அளவுகளையே மறு ஆய்வு செய்து அவ்விதழில் அவர் எழுதினார்.

அவருடைய கருத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இரண்டு குழுக்களை உயரத்தாலும் கை நீளத்தாலும் ஒப்பிடுகிறோம் என்று கொள்வோம். உயரமானவருக்குக் கையும் நீண்டிருப்பது இயல்பு. எனவே இரண்டு வேறுபாடுகளையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் ஒரே உண்மையை இருமுறை எண்ணியவர்களாவோம். அதேசமயம், உயரமான குழுவுக்குக் கை குட்டையாக இருந்தால் அது அரிய செய்தி. சாதாரணக் கூட்டலில் அதன் அருமை தெரியாது. மாறிகள் தமக்குள் கொண்டிருக்கும் உறவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தொலைவை அளக்கும் முறையை மகலனோபிஸ் தந்தார். ஒற்றை மூக்கை நம்பி ஏணி கட்டுவதற்கு இம்முறையில் இடமில்லை.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. இருபது குழுக்கள் என்றாலே அவற்றுக்கிடையே 190 தொலைவுகள். ஒவ்வொன்றும் பல அளவுகளைக் கலந்து பெற்ற எண். இந்த 190 எண்களையும் மனித மனம் ஒருசேரக் காண்பது எப்படி? இவ்விடத்தில்தான் சி. ஆர். ராவ் வருகிறார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரி மாவட்டத்து ஹடகலியில் 1920-இல் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, 1941-இல் கல்கத்தாவுக்குச் சென்று மகலனோபிஸிடம் சேர்ந்தார். அதே ஆண்டில் ஐக்கிய மாகாணத்தில் டி. என். மஜும்தார் இருபதுக்கும் மேற்பட்ட சாதி, பழங்குடிக் குழுக்களின் உடலளவுகளைத் திரட்டியிருந்தார். ராவ் 1948-இல் இலண்டனிலிருந்து வெளிவரும் அரச புள்ளியியல் கழக இதழில் எழுதிய கட்டுரையிலும், மூவரும் சேர்ந்து 1949-இல் 'சங்க்யா'வில் வெளியிட்ட நீண்ட அறிக்கையிலும் இச்சிக்கலுக்கு விடை இருந்தது.

தலை நீளம், தலை அகலம், மூக்கு உயரம், உட்கார்ந்த உயரம் என்று எத்தனை அளவுகள் உண்டோ அத்தனை பரிமாணங்கள் கொண்ட வெளியில் ஒவ்வொரு குழுவும் ஒரு புள்ளி. அந்த வெளியை நாம் காண முடியாது. ஆனால் அதன் நிழலைத் தாளில் விழச் செய்யலாம். தேரை உச்சி வெயிலில் நிறுத்தினால் நிழல் வெறும் சதுரமாக விழும். மாலை வெயிலில் அதன் தட்டுகளும் கலசமும் தரையில் தெரியும். எந்தத் திசையிலிருந்து ஒளியைச் செலுத்தினால் குழுக்களுக்கு இடையிலான தொலைவுகள் மிகக் குறைவாகச் சிதையுமோ அந்தத் திசையைக் கணிதத்தால் கண்டுபிடித்து, நிழலை இரண்டே அச்சுகளில் வரைந்து காட்டினார் ராவ். கார்ல் பியர்சன் 1901-லும் ஹோட்டலிங் 1933-லும் வேறு வழிகளில் இதையொத்த சிந்தனையை வளர்த்திருந்தனர். ராவின் படத்துக்கு என்னளவில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. நிழலில் எவ்வளவு தொலைந்தது என்பதையும் அம்முறையால் கணக்கிட முடியும். இந்தப் படம் உண்மையில் இத்தனை பங்கைத்தான் காட்டுகிறது என்று படமே ஒப்புக்கொள்ளும்.

இதில் ஒரு முரண் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. சாதியை உடலில் தேடிய ஒரு தவறான கேள்வியிலிருந்துதான் இந்த முறை பிறந்தது. தாளில் உள்ள புள்ளி ஒரு குழுவின் சராசரி. உயிருள்ள மனிதர்கள் அந்தப் புள்ளியைச் சுற்றிப் பரந்த மேகம் போலக் கிடக்கிறார்கள், ஒரு குழுவின் மேகம் அடுத்ததோடு கலந்து. புள்ளிகளை மட்டும் பார்ப்பவர் எல்லைக்கோடுகளைக் கற்பனை செய்துகொள்வார். திணை அட்டவணையில் மயக்கம் காணாமல் போனது போலத்தான் இதுவும். ஆயினும் கேள்வி பழையதாகிப் போன பின்னும் முறை வாழ்கிறது. மருத்துவ ஆய்வு முதல் செயற்கைக்கோள் படங்கள் வரை அது பயன்படுகிறது. ராவ் 2023-இல் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டில் தம் 102-ஆம் வயதில் மறைந்தார்.

6

கணினி வந்தபின் கதை வேகமெடுக்கிறது. 1967-இல் பாரிசில் ஜாக் பெர்த்தேன் வரைபடத்துக்கு ஓர் இலக்கணமே எழுதினார். தாளில் ஒரு குறிக்கு இடம் என்ற இரண்டு அளவுகள் போக, பருமன், அடர்த்தி, இழைவு, நிறம், சாய்வு, வடிவம் என்று மேலும் ஆறு பண்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மாறியை ஏற்றலாம் என்றார். எல்லாப் பண்புகளும் எல்லா வேலைக்கும் ஏற்றவையல்ல என்பதையும் வகுத்துச் சொன்னார். பருமனால் கூடுதல் குறைவைக் காட்டலாம். வடிவத்தால் வகையை மட்டுமே காட்டலாம். இதனைப் படித்தபோது நன்னூலில் சொல்லதிகாரம் படிப்பது போன்ற நிறைவு எனக்கு ஏற்பட்டது. 1973-இல் ஹெர்மன் செர்னாஃப் என்ற புள்ளியியலார் ஒரு படி மேலே போய், மாறிகளை மனித முகத்தின் உறுப்புகளாக வரைந்தார். ஒரு மாறி வாயின் வளைவாக, ஒன்று கண்ணின் அளவாக, ஒன்று மூக்கின் நீளமாக. முகத்தை எண்ணாக்கிய ரிஸ்லிக்கு நேர் எதிராக, எண்ணை முகமாக்கிய முயற்சி.

1979-இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் விசிகால்க் என்ற முதல் புகழ்பெற்ற விரிதாளைக் கொண்டுவந்தனர். 1983-இல் லோட்டஸ், 1985-இல் எக்செல். கர்ணத்தின் அடங்கல் இப்போது யார் மேசையிலும் இருக்கிறது. கூடவே வரைபடம் போடும் பொத்தானும். 2006-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் ஒரு மேடையில் நாடுகளைக் குமிழிகளாக ஓடவிட்டுக் காட்டினார். ஒரு அச்சில் பிள்ளைப்பேறு அல்லது வருமானம், மறு அச்சில் ஆயுள், குமிழியின் பருமனில் மக்கள்தொகை, நிறத்தில் கண்டம், அசைவில் காலம். பிளேஃபேரின் வட்டங்களுக்கு இருநூறு ஆண்டுகள் கழித்துக் கால் முளைத்தது.

ஆனால் பொத்தான் எளிதாகக் கிடைப்பதால் பிழையும் எளிதாகிவிட்டது. அதனை நானே நண்பரோடு அமர்ந்து கண்டேன்.

7

வருகையையும் மதிப்பெண்ணையும் அச்சுகளில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கல்லூரிக்குள்ள தொலைவைக் குமிழியின் பருமனாகக் கொடுத்தார் நண்பர். மூலனூருக்கு அப்பாலிருந்து வரும் மாணவரின் குமிழி தாளில் பாதியை விழுங்கியது. காரணம் தேடியபோது தெரிந்தது: எண்ணைக் குமிழியின் விட்டமாகக் கொள்வதா, பரப்பாகக் கொள்வதா என்று எக்செல் கேட்கிறது, விட்டம் என்று தேர்ந்திருந்தோம். பத்து கிலோமீட்டரைப் போல் நாற்பது கிலோமீட்டர் நான்கு மடங்கு. ஆனால் விட்டம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். நம் மாணவர்கள் மீது இரக்கம் வரவேண்டும் என்பதற்காகப் படம் பொய் சொல்லக்கூடாதல்லவா? பரப்பு என்று மாற்றினோம்.

இரவு வேலைக்குப் போகிறவர்களைச் சிவப்பு, மற்றவர்களை நீலம் என்று நிறம் தந்தோம். திரையில் அழகாக இருந்தது. கூட்டத்துக்குப் படி எடுத்தபோது, கறுப்பு வெள்ளை இயந்திரத்தில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாயின. பெர்த்தேனின் இலக்கணத்தை நினைவுகூர்ந்து, வேலைக்குப் போகிறவர்களுக்கு உள்நிறைந்த வட்டமும் மற்றவர்களுக்கு வெற்று வட்டமும் என்று மாற்றினோம். தந்தையின் தொழில், பள்ளியில் பயின்ற மொழி என்று மேலும் இரண்டு நிரல்களைச் சேர்க்க நண்பர் ஆசைப்பட்டார். சேர்த்துப் பார்த்தோம், யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. நீக்கிவிட்டோம். மனிதக் கண் அச்சின் மீதுள்ள இடத்தைத்தான் மிகத் துல்லியமாகப் படிக்கிறது என்றும், பரப்பையும் நிறத்தையும் அவ்வளவு நன்றாகப் படிப்பதில்லை என்றும் 1984-இல் கிளீவ்லாண்ட், மெக்கில் இருவர் சோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். நான்கு மாறிகளே எங்கள் தாளுக்கு எல்லையாக அமைந்தது.

கூட்டத்தில் அந்தப் படம் மேசை மீது வைக்கப்பட்டது. முதல் படத்தில் இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரே மாதிரி இருந்த பதினொரு புள்ளிகளில் ஏழு இப்போது பெரிய வட்டங்களாக, அவற்றில் ஐந்து உள்நிறைந்தும் இருந்தன. நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதலாம் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒருவர் கேட்டார். முதல் பாடவேளையை அரைமணி தள்ளி வைக்கலாமா என்று மற்றொருவர் கேட்டார். அந்த ஏழு பேருக்கும் தேர்வெழுத வழி பிறந்தது. முதல் படத்தை மட்டும் வைத்திருந்தால் அந்தக் கேள்விகள் எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எஞ்சிய நான்கில் இரண்டு வட்டங்கள் நடுத்தர அளவு. அவர்களைப் பற்றி அங்கேயே பேசி முடித்தோம். ஒருவர் ஊர்சுற்றி என்பது அனைவரும் அறிந்தது, அவரே ஒப்புக்கொள்வார். கடைசி ஒன்று சிறிய வெற்று வட்டம். வீடு பக்கத்தில், இரவு வேலை இல்லை. முதலாமாண்டில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். எங்கள் நான்கு மாறிகளில் எதுவும் அந்த வட்டம் ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லவில்லை. விரிதாளின் எந்த நிரலிலும் அதற்குரிய செய்தி இல்லை. "நீங்களே ஒருக்கா அந்தப் புள்ளைகிட்டப் பேசிப் பாருங்கையா" என்றார் துறைத்தலைவர்.

மறுநாள் போய்க் கேட்டேன். வீட்டில் பாட்டி படுத்த படுக்கையாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. தாய் பனியன் கம்பெனிக்குப் போகிறார். பகலில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால் அவர் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். இந்த ஆண்டு சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் கவனிக்க வேண்டியவர் உண்டா என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்.